மூங்கில் முதுகு வைத்த வில்: ஒட்டு விட்டுப்போனது, எங்கே தவறு?

#1 புதுவில் (திருப்பூர்)

எல்லோருக்கும் வணக்கம். மூன்று மாதமாக மொட்டை மாடியில் ஒரு வில் செய்துகொண்டிருந்தேன். நீளம் 66 அங்குலம். முதுகுக்கு, அதாவது எய்பவரைப் பார்க்காத வெளிப்பக்கத்துக்கு, மூங்கில் பத்தை. வயிற்றுக்கு, அதாவது எய்பவரைப் பார்க்கும் உள்பக்கத்துக்கு, பழைய கதவுச் சட்டத்தில் இருந்து அறுத்தெடுத்த தேக்கு. வெள்ளைப் பசை தடவி, ஆறு சி கிளாம்ப் போட்டு இறுக்கி, மறுநாள் காலையில் கழற்றினேன். விளிம்பில் எங்கேயும் இடைவெளி தெரியவில்லை. ஒரு வாரம் இழைத்து இழைத்து வில்லின் இரண்டு கைகளையும், அதாவது பிடிக்கு மேலும் கீழும் உள்ள பாதிகளை, ஒரே மாதிரி வளைய வைத்தேன்.

நேற்று நாணேற்றி 22 அங்குலம் வரை இழுத்ததும் 'டப்' என்று ஒரு சத்தம். மேல் கையில் ஓர் அடி நீளத்துக்கு மூங்கில் தேக்கை விட்டுக் கிளம்பி நிற்கிறது. நல்லவேளை, முகத்தில் அடிக்கவில்லை. மூங்கிலும் உடையவில்லை, தேக்கும் உடையவில்லை. ஒட்டு மட்டும்தான் போயிருக்கிறது.

அடுத்த முறை அரால்டைட் வாங்கினால் போதுமா? இல்லை, வேறு ஏதாவது தவறு செய்திருக்கிறேனா?

#2 மரத்தூள் (நாகர்கோவில்)

தம்பி, பசையை மாற்றுவதற்கு முன்னால் பிரிந்த இரண்டு முகத்தையும் வெயிலில் பிடித்து, சாய்த்துப் பாருங்கள். தேக்கில் மூங்கில் நார் ஒட்டிக்கொண்டிருந்தாலோ, மூங்கிலில் தேக்குச் சிராய் பிய்ந்து வந்திருந்தாலோ, பசை தன் வேலையைச் செய்திருக்கிறது, மரம்தான் தாங்கவில்லை என்று அர்த்தம். ஒரு பக்கம் கண்ணாடி போலப் பளபளவென்று பசைத் தோலும் மறுபக்கம் வெறும் மரமும் தெரிந்தால், அந்த வெறும் பக்கத்தில் பசை பிடிக்கவே இல்லை. எந்தப் பக்கம் வெறுமையாக இருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

#3 புதுவில்

பார்த்தேன் ஐயா. பசை முழுக்க மூங்கிலோடு வந்துவிட்டது. வழுவழுவென்று மெல்லிய தோல் மாதிரி இருக்கிறது, நகத்தால் நிமிண்டினால் உரிகிறது. தேக்குப் பக்கம் சுத்தமாக இருக்கிறது, இழைப்புளி போன தடம்கூடத் தெரிகிறது. ஆனால் கிளாம்ப் இருந்த இடங்களில் மட்டும் விரலகலத்துக்குக் கொஞ்சம் நார் பிய்ந்து வந்திருக்கிறது.

#4 மரத்தூள்

அப்படியானால் இரண்டு விஷயமும் தெரிந்துவிட்டது. ஒன்று தேக்கின் எண்ணெய். இன்னொன்று, ஆறு கிளாம்ப் போட்டீர்களே, அந்த ஆறு இடத்தில்தான் அழுத்தம் விழுந்திருக்கிறது. நடுவில் எல்லாம் பசை சும்மா படுத்துக்கிடந்திருக்கிறது.

தேக்கு இத்தனை வருஷம் கெடாமல் இருப்பதற்குக் காரணமான எண்ணெய்ப் பசபசப்புதான் பசைக்கு எதிரி. இழைத்து வைத்த முகத்தில் ஒரு நாளிலேயே அது மேலே கசிந்து வந்துவிடும். நீங்கள் இழைத்து எத்தனை நாள் கழித்து ஒட்டினீர்கள்?

ஒரு சோதனை சொல்கிறேன், எந்த மரத்துக்கும் செய்யலாம். ஒட்டப்போகும் முகத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். தாமரை இலைத் தண்ணீர் மாதிரி முத்தாக நின்றால் பசையும் அப்படித்தான் நிற்கும். அரை நிமிடத்துக்குள் பரவி ஊறினால் ஒட்டலாம்.

#5 புதுவில்

இழைத்துப் பத்து நாளுக்கு மேல் ஆகியிருக்கும். தீபாவளி வேலையில் அப்படியே வைத்துவிட்டேன். இப்போது மிச்சம் இருந்த தேக்குத் துண்டில் தண்ணீர் விட்டுப் பார்த்தேன். இரண்டு நிமிடம் ஆகியும் முத்தாகவே நின்றது. அதே துண்டைப் புதிதாக இழைத்து, தின்னர் துணியால் துடைத்துவிட்டுத் தண்ணீர் விட்டேன், உடனே பரவியது. கண்ணால் பார்த்த பிறகுதான் நம்ப முடிகிறது.

#6 உளிஅக்கா (கோயம்புத்தூர்)

தின்னரைவிட அசிட்டோன் நல்லது தம்பி. சில தின்னரில் எண்ணெய் கலந்திருக்கும், துடைத்த இடத்திலேயே அது படிந்துவிடும். வெள்ளைத் துணியை நனைத்துத் துடையுங்கள். துணியில் மஞ்சள் ஏறும். மஞ்சள் வராமல் ஆகும்வரை புதுத்துணி மாற்றித் துடையுங்கள். அது காய்ந்ததும் உடனே ஒட்டிவிட வேண்டும், நாளைக்கு என்று வைக்கக்கூடாது. ஜன்னலைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் அடுப்பு வேண்டாம்.

ஆனால் என் கருத்து, தேக்கையே விட்டுவிடுங்கள். கதவுக்கும் கட்டிலுக்கும் தேக்கு ராஜா. வில்லின் வயிறு நசுங்கலைத் தாங்க வேண்டிய இடம், அதற்கு அது நடுத்தரம்தான். நான் சடச்சி மரத்தில் செய்கிறேன், தடசு என்றும் சொல்வார்கள். கோடாரிக் காம்பு, மண்வெட்டிக் காம்பு விற்கும் கடையில் கேட்டுப் பாருங்கள். வரி நேராக ஓடும் துண்டாகப் பொறுக்கினால் போதும். அடித்து அடித்துப் பழகிய மரம், வளைந்து மீளும்.

#7 வடக்குவீதி (டொரண்டோ, ஊர் யாழ்ப்பாணம்)

தம்பி, உங்கட வெள்ளைப் பசையைக் குறை சொல்ல வேண்டாம். இங்கே வீட்டில் வில் செய்கிறவர்களில் பலர் டைட்பாண்ட் 3 என்ற பசையைத்தான் பாவிக்கிறார்கள். அதுவும் அந்தக் குடும்பத்துப் பசைதான், கொஞ்சம் தண்ணீர் தாங்கும், அவ்வளவுதான் வித்தியாசம். நான் ஹிக்கரி என்ற மரத்தை முதுகாக ஒட்டிச் செய்த இரண்டு வில் நாலாவது வருசமாக ஓடுகிறது.

அந்தப் பசைக்கு இரண்டு முகமும் அச்சாகப் பொருந்த வேண்டும், அழுத்தமும் நிறைய வேண்டும். இடைவெளியை அது நிரப்பாது. எப்பாக்சி, அதாவது நீங்கள் கேட்ட அரால்டைட் வகைப் பசை, அப்படி இல்லை. சின்ன இடைவெளியை நிரப்பும், ஆனால் மிதமாகத்தான் இறுக்க வேண்டும். கிளாம்பை முறுக்கு முறுக்கு என்று முறுக்கினால் பசை எல்லாம் வெளியே வந்து உள்ளே ஒன்றும் இராது. இந்த இரண்டையும் மாற்றிச் செய்கிறதால்தான் பாதி வில் பிரிகிறது.

#8 கல்மூங்கில் (சேலம்)

வடக்குவீதி அண்ணன் சொல்வது சரி. ஆனால் நான் ஒன்று சேர்க்க வேண்டும். வெள்ளைப் பசை காய்ந்த பிறகும் கொஞ்சம் ரப்பர் குணத்தோடுதான் இருக்கும். தொடர்ந்து ஒரே பக்கம் இழுத்துக்கொண்டிருந்தால் மெல்ல மெல்ல நகரும். நேராக ஒட்டும் வில்லில் இது பெரிய விஷயம் இல்லை. ரிஃப்ளெக்ஸ் வைத்து, அதாவது நாண் இல்லாதபோது வில்லின் கோடி எய்பவரை விட்டு முன்பக்கம் வளைந்து நிற்கும்படி ஒட்டினால், பத்தைகள் எந்நேரமும் நிமிரப் பார்க்கும். நாள் முழுக்க நாணேற்றி வைத்தால் அந்த வளைவு கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். நம்ம ஊர் வெயிலில் சீக்கிரமே கரையும். அதனால் ரிஃப்ளெக்ஸ் என்றால் என் ஓட்டு எப்பாக்சிக்குத்தான்.

#9 புதுவில்

ரிஃப்ளெக்ஸ் வைக்க ஆசைதான். ஒட்டும்போது பத்தைகளை வளைத்துக் கட்டும் என் அச்சுக்கட்டையில் 2 அங்குலம் வளைவு வெட்டினால் வில்லிலும் 2 அங்குலம் நிற்குமா?

#10 கல்மூங்கில்

நிற்காது. எவ்வளவு திரும்பிப் போகும் என்று முன்கூட்டியே கணக்குப் போடலாம், அதுதான் எனக்கு இந்த வேலையிலேயே மிகவும் பிடித்த பகுதி. கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஒரு பட்டையின் விறைப்பு அதன் கனத்தோடு, அதாவது தடிமனோடு, நேராக ஏறாது; கனத்தை மூன்று முறை எழுதிப் பெருக்கினால் வரும் எண்ணோடு ஏறும். கனம் இரண்டு மடங்கானால் விறைப்பு எட்டு மடங்கு. ஒரே கனத்தில் இரண்டு பத்தையை ஒட்டாமல் ஒன்றின்மேல் ஒன்று வைத்து வளைத்தால் ஒன்றுக்கு ஒன்று வழுக்கிக்கொண்டு சுலபமாக வளையும். ஒட்டிய பிறகு அதே ஜோடி நாலு மடங்கு விறைப்பு. அந்த வித்தியாசம் முழுவதையும் நடுவில் இருக்கும் பசைக்கோடு பிடித்துவைத்திருக்கிறது. அச்சிலிருந்து எடுத்ததும் பத்தைகள் நிமிரப் பார்க்கும், ஒட்டு விடாது. சம கனத்தில் இரண்டு பத்தை என்றால் நாலில் ஒரு பங்கு வளைவு போகும். மூன்று என்றால் ஒன்பதில் ஒரு பங்குதான் போகும்.

உங்கள் வில்லுக்கு வருவோம். மூங்கில் 3 மில்லிமீட்டர், வயிறு 12 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 3-ஐ மூன்று முறை எழுதிப் பெருக்கினால் (3 × 3 × 3) 27. 12-ஐப் பெருக்கினால் 1728. இரண்டும் சேர்ந்து 1755. மொத்தக் கனம் 15, அதையும் அப்படியே பெருக்கினால் 3375. 1755-ஐ 3375-ஆல் வகுத்தால் வருவதுதான் திரும்பிப் போகும் பங்கு. பாதிக்கு மேல் வளைவு போய்விடும்! 2 அங்குலம் வைத்தால் ஒரு அங்குலம்கூட மிஞ்சாது. அதே வயிற்றை 6 மில்லிமீட்டர் வீதம் இரண்டாக அறுத்து, மூன்று அடுக்காக ஒட்டினால்? 27, 216, 216, மொத்தம் 459. ஏழில் ஒரு பங்குதான் போகும். இரண்டு மரத்துக்கும் விறைப்பு ஒன்று என்று வைத்துப் போட்ட கணக்கு இது, நிஜத்தில் கொஞ்சம் முன்னே பின்னே வரும். ஆனால் அடுக்கை ஏன் கூட்டுகிறார்கள் என்பது இதிலேயே தெரிந்துவிடும்.

#11 உளிஅக்கா

கல்மூங்கில், இந்தக் கணக்கை எனக்கு ஐந்து வருஷத்துக்கு முன்னால் யாராவது சொல்லியிருந்தால் மூன்று அச்சுக்கட்டை மிச்சமாகியிருக்கும். நன்றி.

புதுவில் தம்பி, அடுக்கு கூடினால் பசைக்கோடும் கூடும் என்பதையும் நினைவில் வையுங்கள். வில் வளையும்போது ஒரு அடுக்கு இன்னொன்றின்மேல் வழுக்கப் பார்க்கும் இழுவை, கனத்தின் நடுவில்தான் அதிகம். மூன்று அடுக்கில் ஒரு கோடு நடுவுக்குப் பக்கத்தில் வந்து விழும். அந்தக் கோட்டில் குறை இருக்கவே கூடாது.

#12 பனங்காடு (தூத்துக்குடி)

ஈரத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே. நான் கடற்கரைக்காரன், எனக்கு முதல் எதிரி அதுதான். வில்லுக்கு மரத்தின் ஈரம் 8 முதல் 10 சதவீதம் இருந்தால் நல்லது. இங்கே திறந்த கொட்டகையில் கிடக்கும் மரம் எத்தனை வருஷம் ஆனாலும் அந்த அளவுக்கு இறங்காது. ப்ளைவுட்டில் நீளப் பெட்டி அடித்து, உள்ளே 60 வாட் குண்டு பல்பு ஒன்று போட்டு, மேலே நாலு ஓட்டை விட்டு வைத்திருக்கிறேன். பத்தைகளைத் தினமும் சமையலறைத் தராசில் நிறுத்துச் சுவரில் எழுதுவேன். மூன்று நாள் ஒரே எடை வந்தால் காய்ந்துவிட்டது என்று எடுத்துக்கொள்வேன்.

வெள்ளைப் பசையில் தண்ணீர் உண்டு. மெல்லிய பத்தை அதைக் குடித்து உப்பும். ஒட்டி ஒரு வாரமாவது காய விட்டுத்தான் உளி வைக்க வேண்டும். புதுவில் மறுநாளே இழைக்க ஆரம்பித்ததும் சரி இல்லை.

#13 மரத்தூள்

பனங்காடு நல்ல விஷயம் சொன்னார். பல்புக்குப் பக்கத்தில் நேராக வைத்தால் நுனி வெடிக்கும், ஒரு முழமாவது தள்ளி வையுங்கள்.

இனி மூங்கிலின் உள்முகம். வெளித்தோலைத் தொடவே கூடாது, அதுதான் இழுவையைத் தாங்கும் நார். கணுவின் மேடும் வெளியே அப்படியே இருக்கட்டும். உள்பக்கத்து வெளிறிய மெத்துமெத்தான பகுதி முழுவதும் போக வேண்டும். இழைப்புளியால் முக்கால் பங்கு எடுத்துவிட்டு, சமையலறைக் கிரானைட் மேடைமேல் 80-ஆம் நம்பர் உப்புத்தாளை ஒட்டி, பத்தையை அதன்மேல் நீளவாக்கில் தேயுங்கள். கிரானைட் மேடைதான் வீட்டிலேயே கிடைக்கும் மட்டமான தளம். பென்சிலால் குறுக்கே கோடு போட்டுக்கொண்டு தேய்த்தால், எல்லாக் கோடும் ஒரே நேரத்தில் அழியும்போது முகம் மட்டமாகிவிட்டது என்று தெரியும். பிறகு இரண்டு முகத்தையும் சேர்த்து, பின்னால் டார்ச் பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் எங்கேயும் ஒழுகக்கூடாது. கையால் அழுத்தாமலே பொருந்த வேண்டும்.

நடுவில் 3 மில்லிமீட்டர், இரு ஓரமும் கத்தி விளிம்பு மாதிரி. அதற்கு மேல் கனம் வைத்தால் மூங்கில் வயிற்றை நசுக்கிவிடும். வயிற்றில் குறுக்கே மெல்லிய சுருக்க வரிகள் விழும். பிறகு ஒட்டு எவ்வளவு நல்லதாக இருந்தும் பயன் இல்லை.

#14 புதுவில்

கிளாம்ப்புக்கு என்ன செய்வது? முப்பது சி கிளாம்ப் வாங்க என்னிடம் காசு இல்லை.

#15 பனங்காடு

பஞ்சர் கடைக்குப் போங்கள். பழைய சைக்கிள் டியூபை ஒரு அங்குல அகலத்துக்கு நீளமாக வெட்டிக்கொள்ளுங்கள். பிடியில் ஆரம்பித்துக் கோடியை நோக்கி, நன்றாக இழுத்துப் பிடித்து, முன்சுற்றில் பாதியை மூடும்படி சுற்றிக்கொண்டே போங்கள். ஒவ்வொரு சுற்றும் கொஞ்சம் அழுத்தும், சுற்றின்மேல் சுற்று விழ விழ அழுத்தம் கூடும். மூங்கிலின் முதுகு உருண்டையாக இருப்பதால் இரும்புக் கிளாம்ப்பைவிட ரப்பர் அதற்குப் பாந்தமாக உட்காரும். அச்சுக்கட்டையில் ஒட்டாமல் இருக்க முதலில் பேக்கிங் டேப்பை அதன்மேல் ஒட்டிவிடுங்கள்.

ஒன்று மறக்க வேண்டாம். பசை தடவியதும் பத்தைகள் சோப்பு போல வழுக்கும். பத்தையை இரண்டு பக்கமும் 2 அங்குலம் அதிகமாக விட்டு, அந்தக் கழிவில் மெல்லிய ஆணி அடித்துக்கொள்ளுங்கள். பசை இல்லாமல் ஒரு முறை முழுவதும் சுற்றிப் பழகிவிட்டுத்தான் பசையைத் திறக்க வேண்டும்.

#16 வடக்குவீதி

சுற்றிக் கட்டி வளைக்கிற இந்த முறை ஜப்பானில் மிகப் பழையது. அவர்களின் யூமி என்ற வில் 221 சென்டிமீட்டர் நீளம். முன்னும் பின்னும் மூங்கில், நடுவில் மரமும் மூங்கிலும். ஒட்டிய கையோடு வில் முழுக்கக் கயிறு சுற்றி, கயிற்றுக்கு அடியில் மூங்கில் ஆப்புகளை ஒவ்வொன்றாக அடித்து இறக்குவார்கள். ஆப்பு இறங்க இறங்க அழுத்தமும் ஏறும், வளைவும் வரும். அச்சுக்கட்டையே இல்லை. அந்தக் காலத்தில் தோலைக் காய்ச்சிய பசைதான். ஈரம் பட்டால் அது இளகும் என்பதால் மழைக்காலத்தில் வில்லை மிகக் கவனமாக வைத்திருப்பார்கள்.

#17 கல்மூங்கில்

அரால்டைட் வாங்கினால் ஐந்து நிமிடத்தில் இறுகும் வகையை வாங்கிவிடாதீர்கள். ஸ்டாண்டர்ட் என்று போட்டிருப்பது வேண்டும். 180 கிராம் பெட்டியில் பிசின் 100 கிராம், ஹார்டனர் 80 கிராம் இருக்கும். எடைபோட்டுக் கலந்தால் 100-க்கு 80, கொள்ளளவில் என்றால் சரிக்குச் சரி. இரண்டையும் குழப்பி, எடையில் சரிக்குச் சரி கலப்பது வழக்கமான தவறு. ஒரு பசைக்கோட்டுக்கு 40 கிராம் கலந்தால் தாராளம்.

கலந்ததைக் கிண்ணத்திலேயே குவியலாக வைத்தால் சூடேறிச் சீக்கிரம் கெட்டியாகும். ஒரு டைல்ஸ்மேல் மெல்லியதாகப் பரப்பி வைத்தால் நேரம் கிடைக்கும். இரண்டு முகத்திலும் தடவ வேண்டும், ஒரு முகம் போதாது. எப்பாக்சிக்கு முகம் வழவழப்பாக இருக்கக்கூடாது, 60 அல்லது 80 உப்புத்தாளின் கீறல் இருக்கட்டும். தூசியைத் துடைத்துவிடுங்கள். கையுறை கட்டாயம். எனக்கு இரண்டு வருஷம் ஒன்றும் செய்யவில்லை, மூன்றாவது வருஷம் விரலிடுக்கில் அரிப்பு ஆரம்பித்தது, இன்றும் ஒரு சொட்டுப் பட்டால் வந்துவிடுகிறது.

இன்னொன்று. காய்ந்த பிறகும் 60 டிகிரிக்கு மேல் போனால் அதன் பிடி வெகுவாகத் தளரும். சித்திரை வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காருக்குள் அந்தச் சூடு வந்துவிடும். வில்லைக் காரில் விட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள்.

#18 புதுவில்

ஐந்து வாரம் கழித்து வருகிறேன். உளிஅக்கா சொன்னபடி காம்புக்கடையில் சடச்சி கிடைத்தது. பெட்டியும் பல்பும் வைத்து பதினோரு நாள் காய வைத்தேன், கடைசி நாலு நாள் எடை மாறவே இல்லை. மூன்று அடுக்கு. கிரானைட் மேடையில் தேய்த்ததில் அம்மாவிடம் நல்ல திட்டு, ஆனால் டார்ச் வெளிச்சம் எங்கேயும் ஒழுகவில்லை. தம்பியை உடன் வைத்துக்கொண்டு ஆளுக்கு ஒரு பத்தையாகத் தடவினோம். ஏழு சைக்கிள் டியூப் ஆனது. சுற்றச் சுற்ற விளிம்பு முழுக்க ஒரே அளவில் சின்னச் சின்ன முத்துகளாகப் பசை வெளியே வந்தது. அதைப் பார்த்ததும்தான் மனசு நிம்மதியானது. போன முறை கிளாம்ப் பக்கத்தில் மட்டும் வழிந்து, நடுவில் வறண்டு இருந்தது இப்போது ஞாபகம் வருகிறது.

மூன்று நாள் அப்படியே விட்டேன். அச்சில் 2 அங்குலம் வைத்தேன், எடுத்ததும் 1¾ சுமாருக்கு நின்றது. கல்மூங்கில் அண்ணா, கணக்கு பலித்தது!

அடுத்து பிடிக்கட்டை ஒட்ட வேண்டும். அதில் ஏதாவது கவனிக்க வேண்டுமா?

#19 உளிஅக்கா

மனசு நிறைந்துவிட்டது தம்பி. அம்மாவுக்கு மேடையை நன்றாகக் கழுவிக் கொடுத்துவிடுங்கள்.

பிடிக்கட்டை பிரிவது எப்போதும் அதன் இரண்டு முனையில்தான். கட்டை விறைப்பு, கை வளையும், அந்தச் சந்திப்பில் ஒட்டு மேல்நோக்கி உரியப் பார்க்கும். முனையைச் செங்குத்தாக வெட்டி நிறுத்தாமல், 2 அங்குல நீளத்துக்காவது சரித்துச் சரித்து, தாள் கனத்துக்கு வந்து மறையும்படி செய்யுங்கள். அந்த இடத்தில் கையும் வளையக்கூடாது. வளைவு சரிவின் நுனி தாண்டித்தான் ஆரம்பிக்க வேண்டும்.

முதல் இழுப்பைக் கையால் இழுக்காதீர்கள். சுவரில் மாட்டி, கப்பி போட்டு, கயிற்றைப் பத்தடி தள்ளி நின்று இழுங்கள்.

#20 புதுவில்

27 அங்குலத்தில் 40 பவுண்டு. இன்றோடு முந்நூறு அம்புக்கு மேல் விட்டாயிற்று, 'டப்' இல்லை. ஒரே ஒரு சந்தேகம். கீழ்க்கோடியில், நாண் வெட்டுக்குக் கீழே, மூங்கிலுக்கும் சடச்சிக்கும் நடுவில் தலைமுடி மாதிரி ஒரு கோடு தெரிகிறது. நகம் போகவில்லை. கருப்பாக இருக்கிறது. இது பசையா, பிளவா?

#21 மரத்தூள்

அந்த இடத்தில் ஒரு சொட்டு அசிட்டோன் விடுங்கள். மேலே காய்ந்த பிறகும் கோடு மட்டும் ஈரமாகத் தெரிந்தால் பிளவு. எல்லாம் ஒன்றாகக் காய்ந்தால் வெறும் பசைக்கோடு, விட்டுவிடலாம்.

பிளவு என்றால் பயப்பட வேண்டாம், கோடியில் வளைவு குறைவு. நன்றாகக் காய்ந்ததும் தண்ணீர் போல ஓடும் சூப்பர் க்ளூவை விளிம்பில் வையுங்கள், தானாக உள்ளே இழுத்துக்கொள்ளும். கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். மறுநாள் மீன்வலை நூலால் அரை அங்குலத்துக்கு நெருக்கமாகச் சுற்றி, நூலின்மேல் மிச்சமிருக்கும் அரால்டைட்டை மெல்லத் தேய்த்துவிடுங்கள். அதுவரை நாணேற்ற வேண்டாம். சுற்றியதும் படம் போடுங்கள்.